இசக்கிபாண்டியின் பிக்கப் இடம் மாறிய கதை

கோவில்பட்டியில் இசக்கிபாண்டி, "பிக்கப் சரியில்ல" என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு டூவீலர் மெக்கானிக் பேரைச் சொல்வார்கள். அவர் சொல்வது, பாவம், அடிச்சத்தம் கொடுக்கிற தன் பேஸ் கிட்டாரை. கம்பி அதிர்வதைச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தக்கட்டை இருக்கிறதே, அதுதான் பிக்கப். அதை எங்கன வைப்பது என்பதிலேயே அவருடைய பாதி வாழ்க்கை போய்விட்டது.

வெளிநாட்டுக்காரன் முதலில் ஒரே கட்டையை நடுவாக்கில் வைத்தான். பிறகு அதை ரெண்டாகப் பிளந்தான். அப்புறம் கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம் இன்னொன்று, அதற்கப்புறம் அங்கனயே தடியாக ஒன்று. அவனுக்கென்ன, புதுசு புதுசா மாடல் விற்கிறான்! இசக்கிபாண்டியிடம் இருந்ததோ ஒரே கிட்டார். வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க உளியை எடுத்து, கிட்டாரின் கழுத்தடியிலிருந்து பிரிட்ஜ் வரை குழி குழியாகக் குடைந்தார். "இது கிட்டாரா, பணியாரச் சட்டியா?" என்று கேட்டாள், நைட்டி தைக்கப் புதியம்புத்தூர் போய்வரும் மனைவி ராதாமணி.

ஒருநாள் கச்சேரிக் குழு முதலாளி மணிராஜ் பட்டென்று சொல்லிவிட்டார். "ஏலே இசக்கி, கீபோர்டுலயே பேஸ் வந்துருது. நீ வாசிக்கது எவன் காதுலயும் விழல. எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துல நடக்க கோயில் கொடைக்கு வா. அங்கன ஒருத்தனாவது நீதான் வேணும்னு கேட்டாம்னா இரு. இல்லேன்னா வீட்டோட கெட."

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டால் தான் யார் என்று இசக்கிபாண்டிக்கே தெரியாது. எல்லார் காதிலும் கணீரென்று விழட்டும் என்று பிக்கப்பைப் பிரிட்ஜ் ஓரத்துக்கே தள்ளிவிட்டார்.

கொடை நடந்த ஊரின் வழக்கம், கச்சேரியின் முதல் பாட்டுக்குச் சாமியாடி ஆடியாக வேண்டும். ஆடு மேய்க்கிற சின்னக்கருப்பன்தான் சாமியாடி. திருநீறு பூசி, கண்ணை மூடி நின்றார். பேஸ் 'டிங் டிங்' என்று சுத்தமாகக் கேட்டது. சாமி வரவில்லை. சின்னக்கருப்பன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"என்னலே, ஐஸ் வண்டி மணி கணக்கா இருக்கு? வயித்துல ஒண்ணும் இறங்கலையே!"

ஊரே மேடையை முறைத்தது. இசக்கிபாண்டி பதறிப்போய்க் கம்பியை ஓங்கி அடித்ததில், குடைந்த மரத்தில் பிடிமானமில்லாத பிக்கப் கழன்று வயரில் தொங்கியது. சோலி முடிஞ்சுது என்று நினைத்தபடியே, கழுத்துப் பக்கத்துப் பழைய குழியில் அதைச் சொருகி இன்னொரு அடி அடித்தார்.

தொம்ம்ம்!

சின்னக்கருப்பன் தோள் குலுங்கியது. அடுத்த தொம்முக்கு ஒரே துள்ளல். பெண்கள் குலவையிட்டார்கள்.

மணிராஜ் லேசுப்பட்ட ஆளா? இசக்கியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, கீபோர்டு சதீஷ்குமாரிடம் கண்ணைக் காட்டினார். கீபோர்டும் தொம் என்றது. சாமி அப்படியே நின்றுவிட்டது.

"எவம்லே மாத்துனது?"

"ரெண்டும் ஒரே சத்தந்தான் சாமி" என்று மணிராஜ் குழைந்தார்.

"எனக்கே சொல்லுதியா? கம்பிக்காரன் அடிக்கட்டும்! வருசா வருசம் அவன்தான் வரணும்!"

"உத்தரவு சாமி" என்று மணிராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்வார்?

சாமி மேடையேறி, கிட்டாரைக் குனிந்து பார்த்து, பிக்கப் மேல் ஒரு கை திருநீற்றை அப்பியது.

"இதை இங்கனயிருந்து நகட்டுனே, கண்ணைப் புடுங்கிருவேன்."

"நகட்ட மாட்டேன் சாமி" என்று தேம்பித் தேம்பி அழுதார் இசக்கிபாண்டி.