கடன் வாங்கிய விரல்

எங்கள் தெருவில் என் மனைவிக்குப் பெயர் பைலட். வைத்தவன் நான்தான். நிஜ விமானத்தை அவள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் போன் கைக்கு வந்தால் போதும், குட்டி விமானம் ஒன்றில் ஏறிக் கிளம்பிவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தரையிறங்க மாட்டாள்.

முடிவெட்டுகிறவன் வாயாடி என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். சலூனில் நான் பேச ஆரம்பித்தால் யாரும் குறுக்கே பேச முடியாது, கத்தி என் கையில் இருக்கிறது. வீட்டில் மட்டும் "ஏம்மா, பசிக்குது" என்று வாயெடுத்தாலே "உஷ்!" என்று ஒரு அதட்டல் வரும். உடனே அடங்கிவிடுவேன்.

விளையாட்டு இதுதான். கீழே நம் விமானம், மேலே எதிரி. அவன் சுடச்சுட, கடுகு டப்பாவைக் கவிழ்த்தது போலத் திரை முழுக்க இளஞ்சிவப்பு உருண்டைகள் கொட்டும். நம் விமானம் தானாகவே சுட்டுக்கொண்டிருக்கும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் விரலால் இழுத்து இழுத்து அதை உருண்டைகளுக்கு நடுவே நுழைத்துக் காப்பாற்றுவதுதான். விமானத்தின் மேலேதான் விரல் வைக்க வேண்டும் என்றில்லை, எங்கே வைத்து இழுத்தாலும் அந்தத் திசையில் நகரும். விரலை எடுத்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும்.

"றெக்கையில பட்டா ஒண்ணும் ஆகாதுங்க. நடுவுல சின்னப் புள்ளி இருக்கு பாருங்க, அதுல பட்டாதான் உயிர் போகும்" என்பாள். எனக்குப் புள்ளியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது.

மொத்தம் ஐந்து கட்டம், மூன்று உயிர். மூன்றும் போனால், விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பைலட் ஒருநாளும் தொடர்ந்ததில்லை. "பிச்சை வாங்கி ஜெயிக்கணுமா?" என்று முதலிலிருந்து கிளம்புவாள். கடைசிக் கட்டத்தில் ஓர் இரும்புச் சிலந்தி வரும். அதனிடம் செத்துவிட்டுத் திரும்புவாள். வருடக்கணக்காக இதே கதை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "பேத்தி எடுக்கிற வயசுல இது என்ன கூத்து?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நாள் பூரா ஓட்டல்ல படுக்கை விரிப்பு இஸ்திரி போடறேன். எவனோ வந்து படுத்துக் கசக்கறான். மறுநாள் அதே விரிப்பு என்கிட்டயே வருது. வீட்டுக்கு வந்தா பாத்திரம், அதுவும் அப்படித்தான். ஏதாவது ஒண்ணு முடிஞ்சுதுன்னு இருக்க வேணாமா? இது முடியுங்க. அந்தச் சிலந்திக்கு அப்புறம் ஒண்ணுமில்ல. அத ஒரு தடவ பாத்துடணும்."

அவள் சொன்னது நியாயம்தான். என் பிழைப்பு மட்டும் என்ன வாழ்கிறதாம்? வெட்டினதெல்லாம் வளர்ந்துதானே வருகிறது.

அவளுக்குச் சிலந்தியைவிடப் பெரிய எதிரி அவள் விரல்கள்தான். நீராவிச் சூட்டில் காய்ந்து மரத்துப்போனவை. தொடுவது விரல்தான் என்று திரைக்கு விளங்காது. இடது கை மோதிர விரல் ஒன்றுதான் கொஞ்சம் மரியாதை பெற்றது. ஒருமுறை இஸ்திரிக்குத் தெளிக்கிற தண்ணீரை விரலில் அடித்துக்கொண்டு ஆடினாள். விழுந்த ஒவ்வொரு சொட்டையும் போன் ஒரு விரலாக எண்ணிக்கொண்டது. விமானம் பேய் பிடித்த மாதிரி ஆடி, நேராகப் போய் உருண்டையில் முட்டிக்கொண்டது. நான் சிரித்துத் தொலைத்தேன். அன்று எனக்கு ஆறிப்போன சாப்பாடுதான்.

அப்புறம் போனுக்கே உடம்புக்கு வந்தது. பேட்டரி வீங்கி, கண்ணாடியைத் தள்ளி, திரையின் அடிப்பகுதி செத்துப்போனது. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்க்கவே பயந்தார்.

"இத வச்சிக்கிட்டு இருக்கறதே ஆபத்துக்கா. வேற போன் வாங்கிடுங்க."

"அதுல இந்த விளையாட்டு வருமா?"

"இதையெல்லாம் எப்பவோ தூக்கிட்டாங்க. இனி எங்க தேடினாலும் கிடைக்காது."

ஆக, இந்தப் போன் போனால் சிலந்தி ஜெயித்ததுதான். "இந்த வாரம் மட்டும்" என்று என்னிடம் கெஞ்சித் தவணை வாங்கிக்கொண்டாள்.

வாரக் கடைசியில், ஒரு மத்தியானம், வாத்தியார் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்தது, மறு கன்னத்தில் நுரை. பைலட் ஓட்டல் சீருடையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். போனைத் தாம்பாளம் போல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"என்னங்க, சிலந்திக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எனக்குக் கடைசி உயிரு. ஒரு நொடி விரலை எடுத்தேன், திரும்ப வச்சா தொட்டதே போனுக்குத் தெரியல!"

மோதிர விரலும் காலை வாரிவிட்டது. சிலந்தி, உருண்டைகள், விமானம் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன. சார்ஜ் சிவப்பில் இருந்தது.

"அதுக்கு நான் என்ன பண்றது? எனக்கு ஆடத் தெரியாதே."

"நீங்க ஆட வேணாம். விரல மட்டும் குடுங்க."

நாள் முழுக்க நுரையிலும் தண்ணீரிலும் ஊறுகிற விரல் என்னுடையது, பஞ்சு மாதிரி இருக்கும். துடைத்து நீட்டினேன். அவள் அதைப் பேனா பிடிப்பதுபோலப் பிடித்து, திரையின் இடது ஓரத்தில் வைத்தாள். சிலந்தி உயிர் பெற்றது. ஒரு கொத்து உருண்டை என்னை நோக்கிப் பாய்ந்தது. எத்தனையோ கழுத்தில் கத்தி வைத்தும் நடுங்காத கை, வெடுக்கென்று துள்ளியது.

"ஐயையோ! றெக்கையோட போச்சு, தப்பிச்சோம். நீங்க ஏங்க இழுக்கறீங்க?"

"குண்டு வருதே!"

"கண்ண மூடுங்க. கைய மரக்கட்ட மாதிரி விடுங்க."

மூடிக்கொண்டேன். என் விரல் மேலே போனது, வலப்பக்கம் போனது, மயிரிழை நகர்ந்து நின்றது. இப்படியெல்லாம் நுணுக்கமாக என் விரல் போகுமென்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. வாத்தியார் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து நேர்முக வர்ணனை செய்தார்.

"போச்சு... இல்ல, இருக்கு! அம்மாடி, அந்தச் சந்துல எப்படிப் போவீங்க? போயிட்டாங்கப்பா!"

"சார், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பைலட். வாழ்நாளில் யாரும் வாத்தியாரிடம் அப்படிச் சொன்னதில்லை போலும், கப்சிப்பென்று ஆனார்.

படபடவென்று வெடிச் சத்தம். பிறகு ஒரு மெல்லிய இசை. நான் அதை வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

"முடிஞ்சுதுங்க" என்றாள்.

கண் திறந்தேன். திரையில் ஒரு உருண்டைகூட இல்லை, வெறும் நீல வானம். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாத்தியாரைக் கட்டிப்பிடித்திருப்பேன், நுரை இருந்ததால் தப்பித்தார்.

ஜெயித்தவர் பட்டியலில் போட, போன் அவள் பெயரைக் கேட்டது. எழுத்துகள் அடியில் வரிசையாக வந்தன. செத்துப்போன இடம். என் விரலை வைத்து அங்கே குத்திக் குத்திப் பார்த்தாள், ஒரு எழுத்துகூட ஏறவில்லை. நான் பதறினேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"விடுங்க. யார் முடிச்சதுன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன் இருண்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வாத்தியார் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். நுரை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "ஏம்ப்பா, இந்தக் கன்னம் அப்படியே கிடக்கே?"

"அது எப்படியும் வளரத்தான் போகுது சார். கொஞ்சம் பொறுங்க, கை இன்னும் வரல" என்றேன்.

அவள் என் விரலை இன்னும் விடவில்லை.