நீண்ட அங்குலத்தில் அளந்த பிடி

'விருத்தாசலத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் டீச்சர்' என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்கு எரிச்சல் வரும். ஏதோ இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு. நான் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். என்னிடம் இருந்தது குறி பார்த்துச் சுடும் போட்டிக்கான பிஸ்டல். இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைத் தவிர அது என் கையிலிருந்து எதையும் துளைத்ததில்லை.

அதற்கு உரிமம் வாங்கப் போன கதை தனி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் மனுவைப் புரட்டிவிட்டு, "வயக்காட்டுல பன்னித் தொல்லையாம்மா?" என்று கேட்டார். கரும்புத் தோட்டத்தில் பன்றி இறங்குகிறது என்று பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்களாம்.

"எனக்கு வயலே இல்லீங்க சார். போட்டிக்கு."

"சுடுறதுல என்னம்மா போட்டி?"

பிறகு என்னைப் பற்றி விசாரிக்கத் தெருவுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எதிர் வீட்டு அம்மா, "நல்ல பொண்ணுதாங்க. ஆனா கோவம் வரும்" என்று சொல்லிவைத்தார். அந்த 'ஆனா'வால் உரிமம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதை வைத்து என் அண்ணன் என்னை எத்தனை நாள் ஓட்டினான் என்பதைச் சொல்லி மாளாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அகில இந்தியப் போட்டியில் ஒரே ஒரு தடவை, தமிழ்நாட்டு அணியின் சட்டையோடு சுடும் கோட்டில் நிற்க வேண்டும். பதக்கம் எல்லாம் இல்லை, நின்றால் போதும். அதற்கு மாநிலத் தேர்வில் முன்னால் வர வேண்டும். முந்தின தேர்வில் மயிரிழையில் கோட்டைவிட்டிருந்தேன், அதுவும் கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுட்டு. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தப் பிஸ்டல் இருந்தால் ஆகிவிடும் என்று நம்பினேன்.

திருச்சிப் பக்கம் இருந்த கிளப்பில் பயிற்சியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பிஸ்டல்களை மேசையில் பரப்பி வைத்தார். மூன்றும் ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் வகை. முதலாவது பார்க்க அப்படி ஓர் அழகு, முழுக்க இரும்பு. நாலு தரம் தூக்கினால் மூக்கு தாழ்ந்துவிடும். இரண்டாவது இறகு போல லேசானது. ஆனால் சுட்டதும் துள்ளும், அடுத்த குண்டுக்குள் அதை அடக்கிக் கொண்டுவர எனக்கு நேரம் போதவில்லை. மூன்றாவது இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு தினுசாக இருந்தது. அதன் குழல் மட்டும் கைக்கு வெகு அருகில், தாழ்வாக உட்கார்ந்திருந்தது. அதனால் துள்ளல் குறைவு.

"கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குங்கம்மா. இப்பத் திறந்து பாருங்க. முன்குறியும் பின்குறியும் எப்படி நிக்குது?" என்றார் பயிற்சியாளர்.

முதல் இரண்டிலும் குறி எங்கோ போயிருந்தது. மூன்றாவதில் கிட்டத்தட்ட நேர், இடப்பக்கம் ஒரு பொட்டு சாய்வு. "அந்தப் பொட்டைப் பிடியில சரி பண்ணிக்கலாம்" என்றார். அதையே வாங்கினேன். கல்யாணமானதும் சுடுவதை விட்டுவிட்ட ஒருத்தியுடையது அது. அவள் பெருவிரல் பட்டுப் பட்டு மரப்பிடி ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது. அதில் என் விரலை வைக்கும்போதெல்லாம் அடுத்தவள் செருப்பைப் போட்டு நடப்பது போலிருக்கும்.

இந்த விளையாட்டில் பிஸ்டலை இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. போட்டிக்கு முன் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள்; மூடி மூட வேண்டும். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு கிலோவைத் தாங்காமல் விசை விழுந்துவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். குழலுக்குக் கீழே சிறு எடைகளைச் சேர்க்கலாம், கழற்றலாம். நானும் சேர்த்துக் கழற்றி, கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றபடி எல்லாம் பிடிதான். உள்ளங்கை எங்கே உட்காரும், எந்த விரல் எங்கே அடங்கும், கையின் அடிப்பக்கம் தங்குவதற்கு இருக்கும் மரத்தட்டு எந்த உயரத்தில் நிற்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடி கைக்குப் பொருந்தினால் குறி தானாக நேரே நிற்கும்.

பொருந்தும் பிடியைச் செய்ய வெளியூர் ஆளைத் தேடவில்லை. என் அண்ணன் எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் அச்சு செய்கிறவன். கப், பொம்மை, மின்கம்பத்துப் பீங்கான் என எதற்கும் முதலில் மாதிரி செய்து, அதற்கு பிளாஸ்டரில் அச்சு எடுப்பான். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பழைய பிடியைக் கழற்றிவிட்டு, பிசைந்த களிமண்ணைப் பிஸ்டலின் எலும்புக் கூட்டில் அப்பி, "கெட்டியா புடி பாப்பா, சுடப்போற மாதிரி" என்றான். பிடித்தேன். கையை எடுத்ததும் என் விரல்கள் அப்படியே மண்ணில் இருந்தன. அதிலிருந்து பிளாஸ்டரில் இரண்டு வார்ப்பு எடுத்தான். ஒன்று பிடியின் மாதிரி. மற்றொன்று என் கை பதிந்த குழிவு. மாதிரியை என் பள்ளிக்கூட ஸ்கேலால் நான் அளந்து அளந்து சொல்ல, அவன் தன் கோலால் தேக்கில் குறித்துச் செதுக்கினான். ஒரு மாதமாகப் பட்டறை வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிடுவான்.

பிடி முடிந்தது. மாட்டினோம். பிடித்துப் பார்த்தேன். தொளதொளவென்றிருந்தது.

எல்லா இடத்திலும் பெரிசு. ஓர் இடத்தில் மட்டும் என்றால் செதுக்கி எடுத்திருக்கலாம். விரல் பள்ளம், உள்ளங்கை மேடு, அடித்தட்டு எல்லாமே ஒரே விகிதத்தில் பெருத்துப்போயிருந்தன. அண்ணன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் பையிலிருந்த அளவுகோலை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

பீங்கான் மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்து மாதிரியைப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்காக அவனிடம் இருந்த கோலில் அங்குலம் என்பது அங்குலத்தைவிடச் சற்று நீளம். இருபது வருஷமாக அந்த ஒரு கோல்தான் அவன் கையில். வேகாத மரத்துக்கும் வேகப்போகும் மண்ணின் கணக்கையே போட்டுவிட்டான்.

"தேக்கைச் சூளையில போட்டா சரியாப் போயிடுமா?" என்று கத்தினேன். எதிர் வீட்டு அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவன் புதிதாகச் செய்து தருவதாகச் சொன்னான். ஆனால் பட்டறையில் கார்த்திகை விளக்கு வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. அதுவரை பிடியின் மேல் துணி டேப்பைச் சுற்றிக்கொண்டு சுடுவது என்று முடிவானது. இடப்பக்கச் சாய்வு சரியாகியிருந்தது, பருமன் மட்டும்தான் கூடுதல்.

சில வாரம் கழித்து டேப் நெருடியது. ஒரு சுற்று பிரித்தேன். பிறகு இன்னொரு சுற்று. பொங்கல் வந்தபோது டேப்பே இல்லாமல் வெறும் தேக்கைப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடித் தூக்கித் திறந்தால் குறி அசையாமல் நேரே நின்றது. என் புள்ளிகள் ஏறின. பயிற்சியாளர் அட்டையைப் பார்த்து, "இப்படியே சுட்டீங்கன்னா டீமு நிச்சயம்மா" என்றார். மரம் கைக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். காலையில் விரல்கள் மடங்க மறுப்பதைப் பயிற்சியின் அசதி என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு போய் அண்ணனிடம் சொன்னேன்: "உன் தப்புதான் எனக்கு அதிர்ஷ்டம்ண்ணே. பிடி பழகிடுச்சு. புதுசு வேணாம்."

அவன் சிரிக்கவில்லை. பிடியை வாங்கிக் கோல் வைத்துப் பார்த்தான். இப்போது சரியான கோல் ஒன்று வாங்கிவைத்திருந்தான். பிறகு உள்ளே போய், அன்று என் கையை வைத்து எடுத்த பிளாஸ்டர் குழிவைக் கொண்டுவந்தான்.

"கைய வை."

"எதுக்கு?"

"வை பாப்பா."

வைத்தேன். கை உள்ளே இறங்கவில்லை. விரல் கணுக்கள் ஓரத்தில் தட்டி நின்றன. நடுவிரல் தன் பள்ளத்தைவிட்டு விலகி அடுத்த விரலின் மேல் சாய்ந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன். வலித்தது.

"மரம் அப்படியேதான் இருக்குது. உன் கைதான் வீங்கிருக்குது" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. பிளாஸ்டர் ஈரம் குடித்திருக்கும், நீ எதைத்தான் ஒழுங்காக அளந்தாய் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனான்.

முடக்குவாதம் என்றார் டாக்டர். இரண்டு கையிலும் இருக்கிறது, வலதில் முற்றியிருக்கிறது. மாத்திரை கொடுத்தார், அது வேலை செய்ய மாதங்கள் ஆகும், அதுவரை விரல்களுக்குப் பாரம் கொடுக்கவே கூடாது என்றார். நான் என்ன விளையாடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தேர்வு வைகாசியில்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனிடம் சொன்னேன்: "இந்தக் கைக்கு ஏத்த மாதிரி பிடிய மாத்திக் குடு."

"முடியாது."

"அப்ப நானே செதுக்கிக்கறேன்."

அன்றிரவே அவன் உளியை எடுத்தான். என்னைப் பற்றி அவனுக்குத் தெரியும். நான் செதுக்கினால் மரத்தோடு விரலும் போகும் என்று பயந்திருப்பான்.

வைகாசி வரை, கை கோணக் கோண மரத்தையும் கோணலாக்கினோம். மடங்காத விரலுக்குப் பள்ளத்தை நீட்டினான். பக்கவாட்டில் சாய்ந்த விரலுக்கு ஒரு மேடு வைத்தான். எனக்கு இறுக்கும் வலு போய்விட்டதால் பிடியே கையைப் பற்றிக்கொள்ளும்படி அடித்தட்டை மேலே ஏற்றித் திருகினான். ஒவ்வொரு தடவையும் பிஸ்டலைப் போட்டுப் பார்க்க, போட்டிப் பெட்டியின் அளவில் ஒரு மரப்பெட்டியும் செய்து வைத்திருந்தான். விசையை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். நல்ல விரலுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு ஒவ்வொரு குண்டுக்கும் கண்ணில் நீர் வந்தது.

சென்னையில் தேர்வு. பெட்டி மூடியது, விசை எடையைத் தாங்கியது. பார்வையாளர் இடத்தில் கயிற்றுக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். முதல் பாதி நிதானமாகச் சுடுவது. கைக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துச் சுடலாம். அதில் என் வாழ்நாளிலேயே நல்ல எண்ணிக்கை வந்தது. புள்ளிப் பலகையில் என் பெயர் அணிக்குத் தேர்வாகும் இடங்களுக்குள் இருந்தது.

இரண்டாம் பாதி வேகம். இலக்குகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி முகம் காட்டும். மூன்று நொடிக்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு. இலக்கு திரும்பிக்கொள்ளும், கையைத் தாழ்த்த வேண்டும். மறுபடி. அப்படி ஐந்து தடவை ஒரு சுற்று. முதல் சில சுற்றுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். அதற்கடுத்த சுற்றின் ஐந்தாவது குண்டு போனதும் கை இறுகிவிட்டது.

"பிஸ்டலைக் காலி செய்து கீழே வையுங்கள்" என்று அறிவிப்பு வந்தது. இடது கையால் குண்டுக்கூட்டைக் கழற்றினேன். குழல் காலி. வலது கை திறக்கவில்லை. எல்லோரும் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் இலக்கைப் பார்த்து நீட்டியபடி நின்றேன்.

சுடும் கோட்டின் பொறுப்பாளர் பின்னால் வந்தார். "வைங்கம்மா."

"வைக்க முடியல சார்."

அவர் என் விரலைப் பிரிக்கப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். கயிற்றைத் தாண்டி அண்ணன் ஓடி வந்தான். யாரோ தடுத்தார்கள், "அந்தப் பிடியச் செஞ்சவன் நான்தாங்க, உடுங்க" என்றான். விட்டார்கள்.

அவன் விரலை இழுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து அடித்தட்டின் திருகைக் கழற்றினான். பிறகு பக்கத் திருகுகள். பிடியை இரண்டு பாதியாகப் பிரித்து, ஈர அச்சிலிருந்து வேகாத பச்சைக் கப்பை எடுப்பது போல, மரத்தை என் கையிலிருந்து மெல்ல விலக்கினான். வெற்று இரும்பைப் பொறுப்பாளர் வாங்கி மேசையில் வைத்தார். என் கை எதையும் பிடிக்காமலே பிடித்தபடி இருந்தது.

"தொடர்றீங்களாம்மா?" என்று பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டார். "கொஞ்ச நேரம் தரலாம்."

மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். பலகையில் என் பெயர் இன்னும் உள்ளேதான் இருந்தது.

"மாட்டுண்ணே" என்றேன்.

அவன் இரண்டு மரத்துண்டுகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"மாட்டுண்ணே. இன்னும் கொஞ்சந்தான்."

"மாட்ட மாட்டேன். இந்தக் கையாலதான் நீ சோறு திங்கணும் பாப்பா" என்றான். அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதான்.

அந்த நேரத்தில் அவனை நான் வெறுத்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தேதான் வெறுத்தேன். பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு போட்டி தொடரட்டும் என்று சுடும் கோட்டை நோக்கிக் கையை உயர்த்தினார். மற்றவர்கள் அடுத்த சுற்றுக்குக் குண்டு ஏற்றினார்கள்.

இலக்குகள் திரும்பின. என்னுடையதும் மற்றவற்றோடு சேர்ந்து திரும்பி மூன்று நொடி முகம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுபடி திரும்பியது. "வா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டான். நான் நகரவில்லை. கடைசிக் குண்டு போகும்வரை என் இடத்திலேயே நின்றேன்.