சபாஷ் வராத பெட்டி

விமான நிலையத்தில் பை சோதிக்கிறவர்களிடையே அவளுக்குக் ‘கழுகு’ என்று பேர். ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, வேறெங்கோ பட்டையில் நகரும் பைகளின் எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்ப்பது அவள் வேலை. பார்த்துப் பார்த்துப் புளித்துப்போகிற வேலை. சீப்பு, சோப்பு, சார்ஜர், செருப்பு. மறுபடி சீப்பு, சோப்பு. ஆள் தூங்கி வழியக்கூடாதென்று இயந்திரமே நடுநடுவே யாராவது ஒருவர் பையில் பொய்க் கத்தி ஒன்றின் படத்தைச் செருகிவிடும். கண்டுபிடித்துப் பொத்தானை அமுக்கினால் ‘சபாஷ், இது பொய்ப்படம்’ என்று திரையில் வரும். கோட்டைவிட்டால் அவள் பேரில் ஒரு தப்பு ஏறும்.

“மூளை சும்மா இருக்காதும்மா, அடுத்து என்ன வரும்னு ஊகம் பண்ணிக்கிட்டே இருக்கும்,” என்பார் பயிற்சி அதிகாரி. “ஊகம் பொய்யாச்சுன்னா மூளைத்தண்டுல இருக்கிற ஒரு சின்னப் புள்ளி முழிச்சுக்கும். மூளை பூரா ஒரு ரசாயனத்தைத் தெளிச்சுவிடும். அப்புறம் கண்ணு பளிச்சுன்னு ஆயிடும். அப்பப் பார்த்தது லேசுல மறக்கவும் மறக்காது.”

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் பொய்க் கத்திதான் எத்தனை வருஷத்துக்குப் புதுசாக இருக்கும்? அதுவும் சீப்பு சோப்பு மாதிரி ஆகிப்போனது. திடுக்கென்ற அந்த உதறல் நின்றதும் தப்புகள் ஏறத் தொடங்கின. இன்னும் ஒன்று தப்பினால் திரையை விட்டு எழுப்பி, வாசலில் தட்டு அடுக்கப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த நாற்காலி ஒன்றுதான். பிள்ளை இல்லை. டாக்டர் டாக்டராக அலைந்து ஓய்ந்தபோது, “விடு, உனக்கு நான் குழந்தை, எனக்கு நீ குழந்தை,” என்று சொன்ன புருஷன் இருந்தான். புண்ணியவான், பேச்சில் தேன் ஒழுகும்.

அன்று அவளுக்கு விடுமுறை. கூட வேலை செய்கிறவளுக்குக் காய்ச்சல் என்று திடீரென்று கூப்பிட்டதால் போனாள். அதற்கு முன்பே புருஷன், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருந்தான்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. கைப்பிடியில் ஒரு திருகாணி நீளம், ஒன்று குட்டை. கடையில் ஜோடி கிடைக்காமல், வீட்டில் கிடந்ததைப் போட்டு அவளே முடுக்கியது. உள்ளே அவனுடைய சவர மெஷின். அதற்குப் பக்கத்தில் மணி மணியாக ஒரு கிலுகிலுப்பை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஜோடி ஷூ.

பொய்ப்படம்தான் என்று பொத்தானை அமுக்கினாள். சபாஷ் வரவில்லை. பெட்டி தனியே ஒதுங்கியது. சற்று நேரத்தில் பட்டையருகே நிற்கும் பெண் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, திறந்து பார்த்தாச்சு. குழந்தை சாமான்தான் இருக்கு. எதுக்கு நிறுத்தினீங்க?”

“யாரு பெட்டி?”

“ஒரு சாரோடது. பையனுக்கு நாளைக்கு முதல் பிறந்த நாளாம். ஃப்ளைட் போயிடும்னு கெஞ்சறார், பாவம்.”

பாவமாம்!

“விட்டுடு,” என்றாள்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆனால் பாதியில் எழுந்தால் நாற்காலியும் போய்விடும். உட்கார்ந்தே இருந்தாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு பையும் தோலுரித்த மாதிரி தெரிந்தது. பொய்க் கத்தி ஒன்றுகூடத் தப்பவில்லை. குடைக் காம்புக்குள் ஒருவன் ஒளித்திருந்த நிஜக் கத்தியும் மாட்டியது.

மறுநாள், புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் அதிகாரி அவளை நிறுத்தினார்.

“ஒரு தப்புகூட இல்லை. கவனம்னா இதுதான். தினமும் இப்படியே இருங்கம்மா, போதும்.”

“அதுக்கு தினமும் ஒருத்தர் வந்து என் தலையில கல்லைத் தூக்கிப் போடணுமே சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிதான் அதிகம் சிரித்தார். நாற்காலி அவளுக்கே என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் வீட்டில் இருந்தபோது பெல் அடித்தது. கதவருகே போய் நின்றாள்.

“நான்தான், திற. அம்மாவுக்கு இப்ப பரவாயில்ல,” என்றான் வெளியிலிருந்து.

“பையன் எப்படியிருக்கான்?”

அவள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.