தாழையை வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குளப் பாதுகாப்புக் குழு முழுசாகக் கூடி வேலை செய்ய வாரத்தில் இரண்டே மணி நேரம்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு. எட்டு மணிக்குச் சர்ச் மணி அடித்ததும் பாதிப் பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குளிக்க ஓடுவோம். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. மிச்சப் பேர் பத்தரை வரைக்கும் நிற்பார்கள். அதற்கு மேல் அவர்களில் அய்யாவழிக்காரர்களுக்கு நிழல்தாங்கலில் உச்சிப்படிப்பு, மத்தியான வழிபாடு. சனிக்கிழமை வைத்தால் கடைக்காரர்களுக்கு ஆகாது. மற்ற நாட்களில் யாருக்குமே ஆகாது.

அந்த இரண்டு மணி நேரத்திலும் டீக்கும் ரசவடைக்கும் அரை மணி போய்விடும். பேனர் கட்ட இருபது நிமிஷம். போட்டோவில் நடுவே யார் நிற்பது என்பதற்குக் கால்மணி. அதற்குப் பிறகுதான் ஆகாயத்தாமரை வாருவது. போட்டோ எடுத்து முடித்தவுடன் முட்டுவலி வந்துவிடுகிறவர்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நான் எப்படிச் செயலாளர் ஆனேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். அதற்குள் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. ரத்தம் எடுக்கிற வேலைக்கே நேரம் போதவில்லை. வாட்ஸ்அப் குழு தொடங்கு, நோட்டீஸ் எழுது, மனு எழுது, எழுதியதைத் தலைவர் திருத்தித் தந்தால் மறுபடியும் எழுது. தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். கமா வைக்காமல் விடவே மாட்டார்.

குளம் பூதப்பாண்டிக்கு இந்தப் பக்கம். ஒரு காலத்தில் அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்தான். இப்போது வாழை, அதற்கப்பால் தென்னை, அதற்கும் அப்பால் கலர் கலராகக் கொடி கட்டிய பிளாட்டுகள். கீழ்க்கரையை ஒட்டி ஒரே ஒரு வயல் நெல்லாக மிஞ்சியிருந்தது. அறுபது வயதான ஓர் அக்கா அதைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். நிலத்துக்காரர் சென்னையில். இனி ஒரு பூ வெள்ளாமை பொய்த்தாலும் பிளாட் போடுகிறவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த ஒரு வயலும் போனால் குளத்துத் தண்ணீரைக் கேட்க ஓர் ஆள் கிடையாது. கேட்க ஆளில்லாத குளத்தை எப்போது மண் போட்டு மூடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் குழு என்ற ஒன்று இருப்பதே இதைத் தடுக்கத்தான். நோட்டீசில் நானே என் கையால் எழுதிய வாசகம் அது.

புரட்டாசியில் பெரிய அதிகாரி ஒருவர் குளத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. தலைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழ்க்கரை முழுக்கத் தாழம்புதர்.

“சவம், காடு பிடிச்சுக் கெடக்கு. பாம்பு வேற. வாறவரு என்ன நெனப்பாரு?” என்றார்.

வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்புப் போட்டார். ‘கீழ்க்கரைத் தாழையை அகற்றலாமா? ஆம், இல்லை.’ மஸ்கட்டில் இருப்பவர் ஆம் என்றார். பெங்களூரில் இருப்பவர் ஆம் என்றார், கூடவே கைகூப்பும் படம். வளைகுடாவில் நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாதவர்கள் எல்லாம் வரிசையாக ஆம். பறவை கூடு கட்டுமே என்று ஒருவர் எழுத, அவரோடு இன்னொருவர் சண்டைக்குப் போக, ஒரே மத்தியானத்தில் நூற்றுச் சொச்சம் மெசேஜ். நான் லேபில் கையுறையோடு நிற்கிறேன். பெஞ்சில் பதினாறு பேர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன் டிங் டிங் என்கிறது. என்ன எளவையாவது செய்து தொலையுங்கள் என்றுதான் மனசுக்குள் சொன்னேன். விரல் ‘சரி, வெட்டிரலாம்’ என்று எழுதியது. “செயலாளரே சொல்லியாச்சு” என்று தலைவர் உடனே முடித்துவைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிவாக்கில் அரிவாள் எடுத்தோம். இரண்டு வீச்சு விழுந்திருக்கும். வயலிலிருந்து அந்த அக்கா சேறும் காலுமாகக் கரையேறி வந்தாள்.

“சாரே, தாழைய வெட்டப்பிடாது, கேட்டியளா. கரையப் பிடிச்சிட்டு நிக்கது அதுதான். அது போச்சின்னா கரைமண்ணு மொத்தமும் எனக்க வயல்லதான் வந்து கெடக்கும்.”

“பாம்பு கெடக்கும்மா உள்ள.”

“பாம்பு கெடக்கது எனக்குத் தெரியாதா? இத்தன வருசமா அது அங்க, நான் இங்க. உங்களுக்குத்தானே பயமும் பேடியும்?”

தலைவர் போனை எடுத்து நீட்டினார். “பாருங்க, இத்தன பேரு ஓட்டுப் போட்டிருக்கு. தீர்மானம் ஆயாச்சு.” அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீ சொல்லு மக்கா.”

எட்டாக இருபது நிமிஷம். எனக்குக் குளிக்க வேண்டும், சேலை மாற்ற வேண்டும், அன்றைக்குப் பாட்டுக்குழுவில் வேறு நிற்க வேண்டும். தலைவரும் சர்ச்சுக்குப் போகிறவர்தான். அவரும் வாட்ச்சைப் பார்த்தார். “வேர விட்டுருவோம் அக்கா. மேல மட்டும் தறிச்சா போதும்,” என்றேன். தலைவர், சரி, அப்படியே ஆகட்டும் என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு வயலில் இறங்கிவிட்டாள். மணி அடித்தது. நாங்கள் போனோம்.

வேரை விட்டுவிட வேண்டும் என்று கேட்ட காதுகள் அத்தனையும் எட்டு மணிக்குச் சர்ச்சுக்குப் போய்விட்டன. மறுகரையில் வாடகை ஜேசிபியோடு குப்பை வாரிக்கொண்டிருந்தவர்கள் தாழைக்கு வந்தபோது அவர்கள் கையில் இருந்தது ‘வெட்டிரலாம்’ என்ற என் மெசேஜ் மட்டும். ஆராதனை முடிந்ததும் குழுவில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆராதனை முடிந்தது, திருவிருந்து முடிந்தது, வீட்டுக்கு வந்து கறிக்கு மசாலா அரைத்தேன். பன்னிரண்டு மணிக்குத்தான் ஓர்மை வந்து ‘வேரை மட்டும் விட்டுவிடவும்’ என்று எழுதினேன். அதற்கு மேலேயே போட்டோ வந்து கிடந்தது. ஜேசிபி வைத்து வேரோடு மூட்டோடு பிடுங்கியிருந்தார்கள். துடைத்துவிட்ட மாதிரி மொட்டைக்கரை. கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். மஸ்கட்காரர் ஆறு போட்டிருந்தார்.

அதிகாரி வந்தார். மழை தூறியதால் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, “சுத்தமா வச்சிருக்கீங்க,” என்றார். போனார்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை, டியூட்டிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கரைக்கு ஓடினேன். ஜேசிபி பிடுங்கிய அதே இடத்தில் கரை உடைந்து கிடந்தது. வயல் தெரியவில்லை. தூர் கட்டி நின்ற பயிருக்கு மேல் முழங்கால் அளவு செம்மண். வரப்பு இருந்த இடத்தில் அக்கா நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளுப்பமாக இருந்திருக்கும்.

“வேர விட்டுருவோம்னு சொன்னியே மக்கா.”

“மெசேஜ் போட்டேன் அக்கா.”

“யாருக்குப் போட்ட?”

லேபுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

குழுவில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். கமா எல்லாம் சரியாக இருந்தது. உடைப்பை மணல்மூட்டை வைத்து அடைத்தோம். அதற்கும் பேனர் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். நான் சத்தம் போட்ட சத்தத்தில் ஒரு மாதம் என்னிடம் யாரும் பேசவில்லை. நல்லதாகப் போயிற்று. தையில் அந்த வயலில் பிளாட்டுக்கு அளவுக்கல் நட்டுவிட்டார்கள். அக்கா இப்போது காலை பஸ்ஸில் முந்திரி ஆபீசுக்குக் கொட்டை உடைக்கப் போகிறாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்கிறாள்.

போன வாரம் தலைவர் மறுபடியும் ஓட்டெடுப்புப் போட்டார். ‘கீழ்க்கரையைப் பலப்படுத்த எதை நடலாம்? புங்கு, பூவரசு, தாழை.’ மஸ்கட்டிலிருந்து புங்கு. பெங்களூரிலிருந்து பூவரசு. தாழைக்கு ஒரு ஓட்டும் விழவில்லை. பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினேன்.

‘அந்த அக்காட்ட கேட்டியளா?’

தலைவர் எழுதினார்.

‘அவங்க நம்ம குரூப்புல இல்லியே மேடம்.’

பெயர்ப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இல்லைதான். குரூப் தொடங்கிய நாளிலிருந்தே இல்லை. அதில் ஆளைச் சேர்க்கிற அட்மின் நான் ஒருத்திதான்.