முறுக்கு தங்கிப்போன மூன்று வாரம்

அடுத்தவர் வீட்டுச் செல்லப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரிய கஷ்டம், இருட்டிய பிறகு சமையலறைப் பக்கம் 'கிணுக்' என்று ஒரு சத்தம் வந்தால், அது பாத்திரமா, ஹீட்டரா, இல்லை நம்மை நம்பி விட்டுப்போன உயிரா என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும் என்பதுதான்.

இந்த வேலையை நான் தேடிப் போகவில்லை. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் டிசம்பர் பிறந்தால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் மூன்றரை வயது மித்ராவோடு வீட்டில் இருப்பவள். "நீ வீட்லதானே இருக்கே?" என்று யாரோ கேட்டதில் ஆரம்பித்தது. சம்பளம் கிடையாது. ஊரிலிருந்து திரும்பும் பெட்டியில் மோர் மிளகாய் வரும், பருப்புப் பொடி வரும், ஒரு தடவை எனக்குத் தோளில் நிற்காத சுடிதார் வந்தது. மித்ரா தூங்கியதும் டைனிங் டேபிளில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்களும் யார் வீட்டு முயலுக்காவது கேரட் நறுக்கியவர் என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கொத்தமல்லி ருசி

முதலில் வந்தது ஒரு கினி பிக், வாலில்லாத பெருத்த எலி மாதிரி இருக்கும். லெட்யூஸ் இலை போடச் சொல்லியிருந்தார்கள். தீர்ந்துபோன அன்று ரசத்துக்கு வைத்திருந்த கொத்தமல்லியின் தண்டைப் போட்டேன். அடுத்த நாளிலிருந்து, நான் ஃப்ரிட்ஜில் பிளாஸ்டிக் கவரைத் தொட்டாலே அது விசில் அடித்துக் கூப்பிட ஆரம்பித்தது. எனக்கும் யாரோ நம்மைக் கூப்பிடுகிறார்களே என்று ஒரு சந்தோஷம். தினமும் கொடுத்தேன்.

பிப்ரவரிப் பனியில் ஒருநாள் அதை என்னிடம் விட்டுப்போனவர் இந்தியன் ஸ்டோர் வாசலில் எதிரில் வந்தார். இரண்டு கையிலும் கொத்தமல்லிக் கட்டு. "எங்க வீட்ல யாரும் சட்னிகூட அரைக்கறதில்ல. உங்க புண்ணியத்துல வாரா வாரம் வர்றேன்" என்றார்.

சின்ன டேங்க்தான்

எங்களுக்கு நேர் மேல் வீடு கவிதா அக்காவுடையது. சொந்த ஊர் கரூர். போன டிசம்பரில் போன் பண்ணி, "தியாவோடது ஒரு சின்ன டேங்க்தான், மூணு வாரம் வெச்சுக்கறியா?" என்றார். டேங்க் என்றால் மீன் என்று நினைத்துச் சரி என்றேன். மறுநாள் பதிமூன்று வயது தியா கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாம்பு. கார்ன் ஸ்நேக் என்ற வகை, விஷம் கிடையாது. சுருண்டு படுக்கிற அழகைப் பார்த்து 'முறுக்கு' என்று பேர் வைத்திருக்கிறாளாம்.

எனக்குப் பாம்பு என்றால் காலண்டர் படம்கூட ஆகாது. ஆனால் பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் எதைக் கேட்டாலும் எழுந்து நின்று "யெஸ் சிஸ்டர்" என்றுதான் பழக்கம். முடியாது என்று சொல்லும் பாடம் எந்த வகுப்பிலும் எடுக்கவில்லை. தியா இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். தொட்டிக்கு அடியில் சூடு கொடுக்கும் ஹீட் மேட்டை அணைக்கவே கூடாது. மூடியின் இரண்டு கிளிப்பையும் போட வேண்டும். தினம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆன்ட்டி, ஆர் யூ ஸ்கேர்ட்? இட்ஸ் ஓகே, நான் என் ஃப்ரெண்டைக் கேக்கறேன்" என்றாள். "எனக்கென்னம்மா பயம்?" என்று சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் திரும்ப வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கிளம்பும்போது தியா தொட்டிமேல் கையை வைத்துச் சொன்னாள்: "ஷி இஸ் வெரி ஷை, ஆன்ட்டி. நீங்க பயப்படலைன்னா அவளும் பயப்பட மாட்டா."

தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில்

பாம்போடு அதன் சாப்பாடும் வந்தது. உறைய வைத்த சுண்டெலிகள், சீல் போட்ட உறையில். வாரம் ஒன்று. எங்கள் வீடு சைவம், முட்டைகூட வாங்குவதில்லை. அந்த உறையைக் கறுப்புப் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, ஃப்ரீசரில் முருங்கைக்காய்க்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவே செருகினேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடும் வியாதி எனக்கு அன்றே ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவர் ஆசையாகச் சட்னி அரைக்கிறேன் என்று ஃப்ரீசரைத் திறந்தார். பையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. நான் போனபோது உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன்டி, இது ஃப்ரீசரா, மார்ச்சுவரியா?"

இருபத்தொரு போட்டோ

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொட்டி வைத்திருந்த அறைக்குள் தினம் போகப் பயந்து, முதல் நாளே, ஜன்னலில் பளிச்சென்று வெயில் அடித்த மத்தியானத்தில், விதவிதமாக இருபத்தொரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஒன்றாக அனுப்பினால் மூன்று வாரம் ஓடிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் மாற்றியாக வேண்டும். அதை இடுக்கியால் பிடித்து உள்ளே இறக்கி, மூடியைப் போட்டுவிட்டு ஓடிவருவேன். ஓடுகிற அவசரத்தில் கிளிப் ஒன்றுதான் மாட்டும்.

அது போதாதென்று இன்னொரு பழக்கம். அறையை விட்டுக் கடைசியாக வெளியேறுகிறவள் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஜெபம் மாதிரி. லாப்டாப் சார்ஜர் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் ஸ்ட்ரிப்பில்தான் ஹீட் மேட்டும் இருந்தது. கை தன்பாட்டில் அணைத்துவிட்டு வந்திருக்கிறது. ஒருநாள் இல்லை, பல நாள். டிசம்பர்க் குளிரில் அது சூடு தேடிக் கிளம்பாமல் என்ன செய்யும்?

ஆறாம் நாள் சாயங்காலம் மித்ரா ஹாலுக்கு வந்து, "அம்மா, முறுக்கு இஸ் நாட் ஹோம்" என்றாள். ஒரு பக்கம் சரிந்த மூடி. வெறும் தொட்டி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டேன். அப்படி நின்றபடியே, நேரமாகிவிட்டதே என்று அன்றைய போட்டோவையும் தியாவுக்கு அனுப்பினேன். அதை அழுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: "ஷி லுக்ஸ் சோ ஹேப்பி! தேங்க்யூ ஆன்ட்டி!"

புள்ளி இல்லாத கோலம்

வீட்டுக்காரர் டார்ச்சோடு சோபாவைப் புரட்டினார், துணி அலமாரியைக் காலி செய்தார், வாஷிங் மெஷின் பின்னால் தலையை விட்டார். தரையில் மாவைத் தூவி வைத்தால் பாம்பு போன தடம் தெரியும் என்று எங்கோ படித்தேன். வீட்டில் இருந்தது அரிசி மாவு. ஒவ்வொரு அறை வாசலிலும், வெளிக்கதவு நிலையிலும் தூவினேன். காலையில் எழுந்து பார்த்தால் மாவு முழுக்க மித்ராவின் பாதம். அவளுக்கு ஸ்னோ விளையாட்டு. வெளியிலும் அன்றுதான் முழங்கால் அளவு பனி கொட்டியிருந்தது.

இருட்டிவிட்டால் சமையலறையில் அந்தக் 'கிணுக்' கேட்கும். ஹீட்டர் குழாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டில் மகனைப் பார்க்க வந்திருந்த பத்மா ஆன்ட்டியிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அவர் வீட்டில் கைக்குழந்தை. கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரோ எங்கள் வாசலில் கிடந்த மாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "அமெரிக்காவுலயும் மார்கழியை விடலையே நீ! புள்ளி வெச்சுப் போடும்மா, இன்னும் லட்சணமா இருக்கும்."

ஓவனுக்குக் கீழே

இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்று ஓவனில் லைட்டை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைப்போம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஓவனுக்குக் கீழே ஒரு டிராயர். அதில் இட்லித் தட்டுகள். பதினோராம் நாள் மத்தியானம் தட்டு எடுக்க டிராயரை இழுத்தேன். நடுத்தட்டின் குழிகளுக்குள் வளைந்து வளைந்து ஆரஞ்சு நிறம். வால் டிராயரின் பின்பக்கச் சந்துக்குள் போயிருந்தது.

நான் கத்தினேன். கத்திக்கொண்டே காலால் டிராயரை உதைத்து மூடினேன். மூடும்போது எதிலோ இடித்து நின்றது. எதில் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. ஆனாலும் கிட்டே போகவில்லை. வீட்டுக்காரர் வேலையைப் பாதியில் விட்டு, ரயில் பிடித்து, பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கி வர இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் நான் டைனிங் நாற்காலிமேல் மித்ராவோடு நின்றேன். அது டிராயருக்குள் கிடந்தது. ஒரு தடவை 'கிணுக்' என்றது. அதன்பின் இல்லை.

டிராயரையே மொத்தமாகக் கழற்றி, குளியல் துண்டால் மூடி, இட்லித் தட்டுகளோடு காரில் வைத்துப் பிராணி டாக்டரிடம் போனோம். வால் நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நசுங்கியிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும், மற்றபடி பிழைத்துக்கொள்ளும் என்றார். "டிராயரை மூடியது யார்?" என்று அந்த அம்மாள் கேட்டதும் என் கை தானாக மேலே போயிற்று, வகுப்பில் தூக்குவது போல. அவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அதில் முறுக்கை வைத்தார். வழவழ என்று இருக்கும் என்று முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். உலர்ந்து, லேசாக, ஒரு கைக்கடிகாரப் பட்டை மாதிரி இருந்தது. மெதுவாக என் ஸ்வெட்டர் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. "ஷி லைக்ஸ் யூ," என்றார் டாக்டர். "யூ ஆர் வார்ம்."

அக்காவின் யோசனை

அன்றே கவிதா அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தியாவிடம் போனைக் கொடுங்கள், நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "ஐயோ, வேண்டவே வேண்டாம். அத்தை, மாமா, சித்தப்பான்னு வீடு நெறைய ஆளு. அவ அழுது ரகளை பண்ணினா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

புதிதாகப் போட்டோ எடுத்தால் கட்டுப் போட்ட வால் தெரியும். அதனால் மிச்சமிருந்த பழைய போட்டோக்களே போயின. பனி கொட்டிய வாரத்திலிருந்தே தியா பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரப் பிள்ளைகளோடு விளையாட்டு மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கவிதா அக்கா போனை வைக்கும் முன் சொன்னது: "வாலு நுனிதானேம்மா? எங்க பொண்ணுக்கா போச்சு?"

மேல் வீடு

ஏர்போர்ட்டிலிருந்து வந்ததும், போட்டிருந்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் தியா என் வாசலில் நின்றாள். உள்ளே வந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூடியைத் திறந்து, முறுக்கைக் கையில் எடுத்து, குட்டையாகிப் போன வாலை விரலால் ஒரு தடவை தடவினாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்களை நான் விட்டுவிட்டேன். "போட்டோ எல்லாம் முதல் நாள் எடுத்ததும்மா" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. பிளெய்ன்ஸ்பரோல ஸ்னோன்னு போன்ல காட்டுச்சு. உங்க ஜன்னல்ல மட்டும் வெயில்" என்றாள். மூன்று வாரம் கரூரில் இருந்ததில் அவள் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. அந்தத் தமிழில், நிமிர்ந்து பார்க்காமல், அடுத்ததையும் சொன்னாள்: "அவ செத்துட்டான்னு நெனச்சேன். அங்க அழறதுக்கு ஒரு ரூம்கூட இல்ல ஆன்ட்டி, எந்த ரூம் போனாலும் யாராவது இருக்காங்க."

தொட்டியை நானே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் மாடி ஏறினேன். அவள் அறை மேஜைமேல் வைத்தேன். ஹீட் மேட்டை அவளே செருகி, உள்ளங்கையை அடியில் வைத்துச் சூடு வரும் வரை காத்திருந்தாள். பிறகு, "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள், அம்மா பழக்கியிருந்த அதே மரியாதையோடு. நான் வெளியே வந்ததும் அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஹாலில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த கவிதா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல? ஒரு சொட்டு அழல பாரு."

இனி ஊருக்குப் போகிறவர்கள் யார் கேட்டாலும் கறிவேப்பிலைத் தொட்டியைத் தவிர வேறெந்த உயிரையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்று நான் முடிவெடுத்தது, அக்கா அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளே அந்த அறைக் கதவில் தாழ் விழுந்த சத்தத்தைக் கேட்டபோதுதான்.