வெறும் வண்டிக்கு ஒரு பெயர்ப்பலகை

எங்கள் தரும சபையின் ஆண்டுக் கூட்டத்தில் பட்டியலை வாசிக்க எழும்பும்போது தலைவர் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். சால்வை நுனியால் அதைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, முன்வரிசைக் கதிரைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விடுவார். பிறகுதான் குரல் வரும். “எமது பகுதியில் பொதுமக்களின் ஆதரவுக்குத் தகுதியான சிறு தருமங்கள்.” தகுதி என்ற சொல்லை அவர் சொல்லும்போது, அதை ஏதோ தன் அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவது போல இருக்கும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் வவுனியா நகரத்தில் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு இருந்தது. அதில் பெயர் வந்தால் கடைக்காரர்கள் கதவைத் திறப்பார்கள், அரசாங்கக் கந்தோர்களில் கதிரை கிடைக்கும். பெயர் வராதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. தலைவர் ஓர் அரிசி ஆலையின் முதலாளி. நல்லவர் என்று ஊர் சொல்லியது. ஊர் அப்படிச் சொல்வதற்கு வேண்டிய எல்லா ஏற்பாடுகளையும் அவரே செய்திருந்தார்.

அந்தப் பட்டியலை எழுதியவள் நான். அப்போது நான் நகரத்துக்கு அருகே ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருந்தேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி என்னைச் சபையின் காரியதரிசி ஆக்கினார்கள். கூட்டத்தில் பேசக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள். கூட்டம் முடிந்தபின் எழுதக்கூடியவர் ஒருவரும் இல்லை. பட்டியலில் சேர விண்ணப்பித்த தருமங்களைப் போய்ப் பார்த்துவருவதும் என் வேலையாயிற்று. பார்த்தேன். ஒரு வாசிகசாலையில் கண்ணாடி அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. பூட்டின் திறப்பு அதை உபயம் செய்தவரின் வீட்டில் இருந்தது, அவர் கொழும்பில் இருந்தார். ஒரு தண்ணீர்ப்பந்தலில் பானையைவிடப் பெரிதாக உபயகாரரின் பெயர் எழுதியிருந்தது; பானைக்குள் பல்லி ஒன்று காய்ந்து கிடந்தது. இரண்டும் பட்டியலில் ஏறின. “நோக்கம் உயர்ந்தது, ரீச்சர்” என்றார் தலைவர். நானும் அப்படியே அழகாக எழுதினேன்.

வெறும் வண்டிகளைப் பற்றி எனக்கு யாரும் விண்ணப்பம் அனுப்பவில்லை. காய்ச்சலாகப் படுத்திருந்த என் மாணவி ஒருத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசல் கம்பியில் ஒரு சிவப்புத் துணித்துண்டு கட்டியிருந்தது. காற்றில் வந்து சிக்கியதாக்கும் என்று அவிழ்க்கப் போனேன். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். “அதிலை கை வைக்காதேங்கோ, பிள்ளை. வண்டில்காரர் பாக்கவேணும்” என்றார். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்து அங்கே நோயாளரைக் கவனிக்கும் வேலை செய்த கத்தோலிக்கப் பெண் அவர். வார்டு முழுவதும் அவரை அக்கா என்றே கூப்பிட்டது. அவர்தான் எனக்கு விளக்கினார்.

செட்டிகுளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெல் ஏற்றிய மாட்டு வண்டில்கள் விடியப்புறம் நகரத்து ஆலைக்கு வரும். நெல்லை இறக்கியபின் வெறுமையாகத் திரும்பும். அதே கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் மலேரியாவுக்கும் வந்து கிடந்த சனங்கள், ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகச் சொன்னபிறகும் போக வழியில்லாமல் மரத்தடியில் கிடப்பார்கள். பஸ் பெருந்தெருவோடு நின்றுவிடும். அதற்கப்பால் காட்டுப்பாதை. நடக்க முடியாத ஒருவரை யார் தூக்கிக்கொண்டு போவது? வண்டில்காரர் ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார். தன் வண்டில் வெறுமையாகத்தானே போகிறது என்று ஒருநாள் ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு மற்ற வண்டில்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீடு போகவேண்டிய நோயாளி இருந்தால் அக்கா துணியைக் கட்டுவார். காலையில் ஆலைக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வந்து ஏற்றுவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பெயர்கூட இல்லை.

தொடக்கிவைத்தவர் ஒரு முஸ்லிம் கமக்காரர். எல்லாரும் நானா என்பார்கள். நான் அவரை ஆலை வாசலில் சந்தித்தேன். சபை உங்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் தலைவரின் சாயல் இருந்தது இப்போது எனக்குத் தெரிகிறது. நானா மாட்டின் கழுத்தைத் தடவியபடி யோசித்தார்.

“ஒரு உதவி இருக்கு, ரீச்சர். மில்லிலை வரிசையிலை நிண்டு நெல் இறக்க மத்தியானம் தாண்டிப்போகுது. நோயாளி ஏத்திற வண்டிலை மட்டும் முதல்லை இறக்கிவிட்டாங்களெண்டா, பொழுதுபடமுந்திக் காட்டைத் தாண்டிப் போடுவம். பொழுதுபட்டா ஆனை ரோட்டுக்கு வந்திடும்.”

“வேறை?”

“வேறை ஒண்டும் வேண்டாம்.”

நான் அன்றைக்கே எழுதினேன். காரியதரிசியாக இருந்த காலத்தில் நான் எழுதியவற்றுள் பொய்யில்லாத பரிந்துரை அது ஒன்றுதான். தலைவர் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, சிரித்தார். “யாப்பு விதியள் இல்லை. நிருவாகக் குழு இல்லை. பெயர்ப்பலகை இல்லை. இதை எப்பிடித் தருமமெண்டு சொல்லிறது, ரீச்சர்? இது சும்மா ஏத்திக்கொண்டு போறது.” அந்தக் கடைசி வசனத்தைவிடத் துல்லியமாக அந்தத் தருமத்தை வேறு யாரும் விவரித்ததில்லை. ஆனால் அவர் அதை ஏளனமாகச் சொன்னார். வரிசையைப் பற்றிய வேண்டுகோளை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வரிசை அவருடைய ஆலையில் இருந்தது.

இருந்தாலும் அவர் மூளை வேலை செய்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நானாவை அழைத்தார்கள். கதிரைகள் வெறுமையாக இருந்தும் நானா நின்றபடியே பதில் சொன்னார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டார். எண்ணவில்லை என்றார் நானா. எந்தச் சமயத்தவரை ஏற்றுகிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். “வருத்தக்காரரை” என்றார். கடைசியில் தலைவர் தன் முடிவை அறிவித்தார். நானாவின் வண்டில் இனிச் சபையின் ‘ஏழை நோயாளர் வண்டி’. சபை செலவில் பெயர்ப்பலகை. பெரிய இடத்து அதிகாரி ஒருவர் வந்து தொடக்கிவைப்பார். நானா என்னைப் பார்த்தார். மறுத்தால் ஆலையில் நெல் இறக்குவது இன்னும் பிந்தும் என்று அவருக்குத் தெரியும். “அப்ப முதல்லை இறக்கிவிடுவியளோ, ஐயா?” என்று மட்டும் கேட்டார். “எல்லாம் செய்வம்” என்றார் தலைவர். அவருடைய வாயில் அதற்கு ‘ஒன்றும் செய்யமாட்டேன்’ என்று பொருள். அதைப் பட்டியல் எழுதிய என் கை அறியும்.

தொடக்கவிழாவுக்கு நோயாளி ஒருவர் தேவைப்பட்டார். பிரசவம் கடுமையாகி, ஒரு கிழமையாக ஆஸ்பத்திரியில் கிடந்த ஓர் இளம்பெண் அன்று வீடு போக இருந்தாள். கைக்குழந்தை, கூடவே அவள் புருஷன். காலையிலேயே அவளைக் கொண்டுவந்து வண்டிலில் இருத்தினார்கள். ஆலை முற்றத்தில் தோரணம் கட்டியிருந்தது. பலகை மிகப் பெரிது: சபையின் பெயர், தலைவரின் பெயர், அதிகாரியின் பெயர், மீதி இடத்தில் ஏழை நோயாளர். அதிகாரி வரவில்லை. பத்து மணி என்றார்கள், பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மற்ற வண்டில்கள் நெல்லை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. வழக்கமாக நானா அவர்களோடு கூட்டமாகப் போகிறவர். அந்தப் பெண் பாயில் சாய்ந்தபடி சேலைத் தலைப்பால் குழந்தைக்கு வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். நான் தலைவரிடம் போனேன்.

“தலைவர், நேரம் போகுது. அவை காட்டுப்பாதையாலை போகவேணும்.”

அவர் தோரணத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “ரீச்சர், ஏழையளிட்டை இருக்கிறது நேரம் ஒண்டுதான். அவசரப்படாதேங்கோ.”

நான் திரும்பி வந்து வரவேற்புரைக் கடதாசியைச் சரிபார்த்தேன். அந்தக் கணத்தில் தலைவரைவிட நான் எந்த வகையில் மேலானவள் என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன்; இன்னும் விடை கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு அதிகாரி மத்தியானச் சாப்பாட்டின் மயக்கத்தோடு வந்து இறங்கினார். நான் வரவேற்றேன். தலைவர் பேசினார். அதிகாரி பேசினார். படம் பிடிக்கிறவர், “பிள்ளையின்ரை முகத்தைக் காட்டு தங்கச்சி” என்று அந்தப் பெண்ணை அதட்டினார். குழந்தை வீரிட்டு அழுதது, எல்லாரும் கைதட்டினார்கள். நாலு மணிக்கு மேல் நானா தனி வண்டிலாகப் புறப்பட்டார்.

நடந்ததை அந்தப் பெண்ணின் புருஷன் பிறகு எனக்குச் சொன்னான். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் யானை நின்றது. மாடுகள் மிரண்டு பாதையை விட்டு விலகின, வண்டிலின் ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கியது. வண்டில் சரியத் தொடங்கியதும் நானா குதித்து, சரிகிற பக்கத்தில் தோளைக் கொடுத்து நின்றிருக்கிறார். “இறக்கு, இறக்கு, முதல்லை பிள்ளையை இறக்கு” என்று கத்தினாராம். இவன் குழந்தையையும் பெண்ணையும் இழுத்து எடுத்தான். அதன்பிறகுதான் நானா தோளை விட்டார். மாடுகள் ஒரு இழுப்பு இழுக்க, சில்லு அவருடைய காலில் ஏறியது. யானை கொஞ்சநேரம் இவர்களைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. சபையிலிருந்த எங்களைவிட அதற்கு மரியாதை தெரிந்திருந்தது.

செய்தி வந்ததும் தலைவர் கேட்ட முதல் கேள்வி பலகைக்கு ஏதும் நடந்ததா என்பது. இரண்டாவது, பத்திரிகைக்குப் படம் அனுப்பியாயிற்றா என்பது. அனுப்பியாயிற்று, அச்சிலும் வந்தது. அந்த வருட ஆண்டுக் கூட்டத்துக்கான பட்டியலில் வண்டியின் பெயரை வெட்டச் சொன்னார். “இப்ப அது இயங்கேல்லைத்தானே” என்றார். தொண்டை கட்டியிருந்ததால் பட்டியலை என்னையே வாசிக்கச் சொன்னார். நான் வாசிகசாலையை வாசித்தேன், தண்ணீர்ப்பந்தலை வாசித்தேன். பிறகு கடதாசியை மடித்துவிட்டு, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் எங்கே இருந்தாள், ஏன் இருந்தாள், பிறகு காட்டில் என்ன நடந்தது என்று சொன்னேன். மண்டபத்தில் யாரும் எழும்பி என் பக்கம் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர், “ரீச்சருக்கு உடம்பு சரியில்லைப்போல” என்றார். அடுத்ததாகத் தேநீர் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அதோடு காரியதரிசி வேலையும் போயிற்று.

நானாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வீட்டு முற்றத்தில் காலை நீட்டி இருந்தார். முறிந்த கால் பொருந்தியிருந்தது, ஆனால் முழங்கால் மடங்காது. அவர் மனைவி எனக்குக் கதிரை போட்டு, தேநீர் கொண்டுவந்து தந்தார். நான் எழுதியதால்தானே இப்படி ஆயிற்று என்றேன். நானா அதை மறுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

“இனி எழுதாதேங்கோ, ரீச்சர்” என்றார். “வண்டில் போகுது. அந்தத் தம்பிதான் கொண்டுபோறார்.”

அந்தத் தம்பி, குழந்தையின் தகப்பன். நானாவின் நெல்லையும் தன் நெல்லையும் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது துணி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவன் இப்போது அவன். வண்டிலின் பின்புறத்தில் அந்தப் பெரிய பலகை கிடந்தது. எழுத்துகளைக் கீழே போட்டுக் கவிழ்த்து, நோயாளர் ஏறுவதற்குப் படியாக வைத்திருந்தார்கள். நல்ல பலமான பலகை என்று நானா சொன்னார்.

திரும்பி வரும் வழியில் நெளுக்குளத்தில் ஒரு சின்ன மில்லைக் கண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். உமி படிந்த சாரம் உடுத்த ஒருவர் இயந்திரத்துக்குக் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மில் அவருடையதுதானாம். என்னிடம் கடிதமும் இல்லை, சபையின் முத்திரையும் இல்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னேன்: செட்டிகுளம் பக்கத்து வண்டில்கள், நோயாளிகள், பொழுது, யானை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அதுக்கென்ன, இஞ்சை வரச்சொல்லுங்கோ. வந்தவுடனை இறக்கிவிடுறன்.”

அவ்வளவுதான். ஒரு சபையும் ஒரு தலைவரும் ஓர் அதிகாரியும் ஒரு வருடமாகச் செய்யாததை அந்த மனிதர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைக்காமலே செய்து முடித்தார். அடுத்த கிழமையிலிருந்து அந்த வண்டில்கள் அங்கே நெல்லை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயின; நான் அந்தப் பகுதியில் படிப்பித்த வருடங்கள் முழுவதும், மத்தியானத்துக்கு முன்பே நோயாளர்களோடு காட்டுப்பாதையில் இறங்கின.

இப்போதும் சங்கங்கள் என்னிடம் வருகின்றன. வயதானவள், பழைய ஆசிரியை, ஆதரவுக்குத் தகுதியான சிறு அமைப்புகளைப் பரிந்துரைத்து ஒரு கடிதம் தரச்சொல்லிக் கேட்கின்றன. ஆட்கள் நல்ல உடுப்போடு, அச்சிட்ட தாள்களோடு, தலைவரின் அதே சிரிப்போடு வருகிறார்கள். அவர்களுக்கு நான் தேநீர் மட்டும் கொடுக்கிறேன். எங்காவது யாராவது சும்மா ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று காதில் விழுந்தால் மட்டும், தடியை ஊன்றிக்கொண்டு நேரே போய், உங்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று கேட்கிறேன். நெளுக்குளத்து மனிதரின் பெயரை அன்றைக்குக் கேட்க மறந்துவிட்டேன். பிறகும் கேட்கவில்லை. அவரும் என்னுடையதைக் கேட்டதில்லை.