எடை கூட்டிய காலை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, மார்க்கெட்டுக்குத் திரும்பும் சந்தில் நேசபாய் தையல் கடை வைத்திருந்தாள். கணவர் ஜான்ரோஸ் மஸ்கட்டில் டிரைவர். ஒரே மகள் ஜாஸ்மி. சுற்றுவட்டாரத்துப் பெண்களின் அளவெல்லாம் நேசபாய்க்கு மனப்பாடம். சொந்த மகளுக்கு அளவெடுக்கும்போது மட்டும் டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாள்.

ஜாஸ்மி சின்னதிலிருந்தே பெரிய உடம்புக்காரி. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் டீச்சரைவிட ஒரு தலை உயரமாக, அகலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள். நேசபாய் அவளுக்குத் துணி எடுக்கப் போனால் கருநீலம், கரும்பச்சை, மேலிருந்து கீழாகக் கோடு ஓடுவது என்று தேடித் தேடி எடுப்பாள். மகள்மேல் குறையொன்றும் இல்லை. பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான்.

நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போன இடத்தில் ஜாஸ்மி குத்துச்சண்டையில் சேர்ந்தாள். ஓடினால் மெலிவாள் என்று நினைத்து நேசபாயும் சம்மதித்தாள். படிப்பு முடிந்து ஒரு ஹார்ட்வேர் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மகள் சாயங்காலப் பயிற்சியை விடவில்லை. ஆனால் அவள் சண்டை போட்டு நேசபாய் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கும் தைரியமும் இல்லை.

அந்த வருடம் தரகர் குமாரதாஸ் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, ஜாஸ்மியை ஏற இறங்கப் பார்த்து, "பிள்ள கொள்ளாம். கொறச்சு மெலிஞ்சா மதி, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து வீட்டில் சோறு நின்றுபோனது. காலையில் கோதுமைக் கஞ்சி, மத்தியானம் அவித்த சுரைக்காய், ராத்திரி ஒரு சப்பாத்தி. ஜாஸ்மி வைத்ததைச் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், பயிற்சிக்குப் போனாள். சுடிதாரின் பக்கத் தையலைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தபோது நேசபாய்க்கு அப்படியொரு சந்தோஷம். மிஷினை மிதித்துக்கொண்டே கீர்த்தனை பாடினாள்.

ஒருநாள் பயிற்சியாளர் ஆன்றோ, கிழிந்துபோன பையொன்றைத் தைக்கக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அக்கா, ஜாஸ்மிக்கு மேலுக்குச் சுகமில்லியா?"

"ஏன், நல்லாத்தான இருக்கா?"

"நேத்து தல சுத்தி அப்பிடியே தரையில இருந்துட்டா. எடையும் கொறஞ்சுகிட்டே வருது. அடுத்த வாரம் நாகர்கோவில்ல மாநிலப் போட்டி. எழுபத்தஞ்சு கிலோவுக்குக் கீழ போனா லைட் ஹெவியில நிக்க முடியாது. கீழ உள்ள பிரிவுல நம்ம மாவட்டத்துக்கு வேற பிள்ள இருக்கு."

நேசபாய்க்குப் பாதிதான் புரிந்தது. தலை சுற்றியது மட்டும் நன்றாகப் புரிந்தது. கடையை அப்போதே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், மகள் வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

"ஏட்டி, தல சுத்திச்சுன்னு எனக்கிட்ட ஏன் பறயல்ல?"

ஜாஸ்மி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ சந்தோசமா இருந்தியே, அம்மா."

நேசபாய் மகளின் பையை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"லைட்டுன்னும் பறயிதாவ, ஹெவின்னும் பறயிதாவ. அது என்னதுட்டி?"

"கனமுள்ள பிள்ளையளுக்க கூட்டத்துல கொறச்சு கனம் கொறஞ்சவ. அவ்வளவுதான்." ஜாஸ்மி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மத்த எல்லா எடத்துலயும் நான் பெரிசும்மா. பஸ்ஸுல, கடையில, சர்ச்சுல. அங்க மட்டும் எனக்க எதிர எனக்க அளவுல ஒருத்தி நிப்பா. அங்க நான் சரியா இருக்கேன்" என்றாள்.

அடுத்த நாள் காலை அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது. சாளை மீன் குழம்பு கொதித்தது. தட்டைப் பார்த்த ஜாஸ்மி அம்மாவைப் பார்த்தாள். "தின்னு" என்று மட்டும் சொன்னாள் நேசபாய்.

ஆனால் போட்டிக்கு இருந்தது சில நாட்கள்தான். இழந்த எடை அத்தனை சீக்கிரம் திரும்பி வருமா? போட்டியன்று நேசபாய் கடையை அடைத்துவிட்டு மகளோடு பஸ் ஏறினாள். மடியில் ஒரு பெரிய பை.

எடை பார்க்கும் அறைக்கு வெளியே வேடிக்கையாக இருந்தது. வெயிலில் கனத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு சில பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எடை குறையட்டும் என்று ஒருத்தி துப்பிக்கொண்டே இருந்தாள். எல்லாருக்கும் உதடு காய்ந்திருந்தது. ஜாஸ்மி உள்ளே போய்த் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"கால் கிலோ கொறயிதும்மா. நேரம் முடியிறதுக்குள்ள இன்னொரு தடவ ஏறலாமாம்."

நேசபாய் மகளைப் படிக்கட்டில் உட்காரவைத்துப் பையைத் திறந்தாள். அவித்த ஏத்தன்பழம், மட்டிப்பழம், சம்பா அவல், பெரிய பாட்டிலில் தண்ணீர். உரித்து உரித்து மகளின் வாயில் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு தின்னு, மக்கா. தண்ணி குடி. இது ஒண்ணையும் தின்னு."

குதித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத ஒருத்தி ஏத்தன்பழத்தையே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வாய் நிறைய அவலோடு ஜாஸ்மிக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தலையில் தட்டிக்கொடுத்தபோதுதான் நேசபாய்க்கு ஒன்று தோன்றியது. மகளுக்கு ஒரு வாய் கூடுதலாக ஊட்டி எத்தனையோ வருடமாகிறது. எப்போதும் கை பாதியில் நின்றுவிடும்.

இரண்டாம் தடவை ஏறியபோது முள் கோட்டைத் தாண்டியது. நேசபாய் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். எடை கூடியதற்கு ஸ்தோத்திரம் சொன்ன தாய் அந்த மைதானத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

அந்தப் பிரிவுக்கு வந்திருந்ததே இரண்டு பேர்தான். அதனால் முதல் சண்டையே இறுதிச் சண்டையாகிவிட்டது. எதிரே வந்தவள் அம்பாசமுத்திரம் பக்கத்து இசக்கியம்மாள். அதே உயரம், அதே தோள். மணி அடித்து முதல் குத்து விழுந்ததும் நேசபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அரங்கம் ஆர்ப்பரித்தபோது மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

ஜாஸ்மி தோளைக் குறுக்கவில்லை. முழு அகலத்துக்கும் விரித்து நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பை இரண்டு கால்களும் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோயின. முன்னால் போனாள், சாய்ந்தாள், விலகினாள், மறுபடி உள்ளே நுழைந்தாள். எத்தனையோ உடுப்புக்கு அளவெடுத்த அந்தத் தோள் என்னென்ன செய்யும் என்று நேசபாய் அன்றுதான் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் முந்தானை எங்கே கிடந்தது என்றே அவளுக்குத் தெரியாது.

முடிவில் நடுவர் இசக்கியம்மாளின் கையைத்தான் தூக்கினார். சின்ன வித்தியாசம். ஜாஸ்மி அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு இறங்கி வந்தாள். வியர்வையும் சிரிப்புமாக இருந்தாள்.

நேசபாய் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, சற்றுத் தள்ளி பெஞ்சில் தனியாக இருந்த இசக்கியம்மாளிடம் போனாள். மெடல் வாங்கப் போகிறவளின் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளுடைய பயிற்சியாளர் அடுத்த சண்டைக்கு ஓடிவிட்டார்.

"நல்லா வலிக்குதா, மக்கா?" துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"வலிக்கு, அத்தை. உங்க மவ அடி ஒவ்வொண்ணும் இடி மாதிரில்லா விழுது."

"வீட்டுலேருந்து ஆரும் வரல்லியா?"

"அம்மைக்கு இதைப் பாக்கப் பயம்."

"எனக்கும் பயந்தான்" என்றாள் நேசபாய்.

பரிசளிப்பு முடிந்ததும் இசக்கியம்மாளையும் சேர்த்து மூன்று பேருமாக ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் குமாரதாஸ் போனில் கூப்பிட்டார். கருங்கல்காரர்கள் கேட்கிறார்களாம், பிள்ளை மெலிந்தாளா?

"இல்ல அண்ணா, கூடியிருக்கா" என்றாள் நேசபாய். "அவியளுக்கு வேற எடம் பாத்துக் குடுங்க." போனை வைத்துவிட்டு பிள்ளைகள் இரண்டு பேர் இலைக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.

அடுத்த வருடம் போட்டி திருநெல்வேலியில் நடந்தது. கிறிஸ்துமஸ் துணிகள் மலையாகக் குவிந்து கிடந்ததால் நேசபாயால் போக முடியவில்லை. மிஷின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டே தைத்தாள். மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் இசக்கியோட அம்மை பேசுதேன்" என்றது ஒரு தயங்கிய குரல். "இந்தத் தடவ உங்க பிள்ள செயிச்சுட்டா."

"உங்க மகளுக்கு அடி பட்டுச்சா?"

"உதடு லேசாக் கிழிஞ்சிருக்கு. உங்க மவதான் ஐஸ் வச்சுக்கிட்டு இருக்கா. நான் கண்ண மூடலம்மா. முழுசும் பாத்தேன். நீங்க கவலைப்படாதீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கொண்டாந்திருக்கேன்."